பாலில் கலந்த பொடி

மகள் ஹெப்சிபாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னபோது தனசிங் அதை நம்பவில்லை. சர்க்கரை என்பது அவருடைய மாமனாருக்கு வந்தது, ஆபீஸில் மேனேஜர் துரைராஜுக்கு வந்தது. தலை நரைத்தவர்களுக்கு வருகிற நோய் பத்து வயதுப் பெண்ணுக்கு எப்படி வரும்? 1994ஆம் வருடக் கோடை விடுமுறையில் அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தாள். வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் நினைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்கு எழுந்து நின்றவள் அப்படியே பெஞ்சில் சரிந்து விழுந்த பிறகுதான் மேற்குத் தாம்பரத்தில் டாக்டர் ராஜகோபாலிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவள் தேறி எழுந்து உட்கார்ந்த பிறகு டாக்டர் தனசிங்கையும் அவர் மனைவி புஷ்பத்தையும் எதிரே உட்கார வைத்து விளக்கினார்.

"கிருமியை எதிர்க்க நம்ம உடம்புலயே ஒரு படை இருக்கு. சில குழந்தைங்களுக்கு அந்தப் படை ஆள் தெரியாம, இன்சுலின் சுரக்கிற செல்லையே எதிரின்னு நெனச்சு அடிச்சுடுது. ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. நீங்க ஸ்வீட் குடுத்ததால வரல. உங்க தப்பு எதுவும் இல்ல."

"சரியாகிடுமா டாக்டர்?" என்றார் தனசிங்.

"ஊசி போட்டா நல்லா இருப்பா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஆயுசு முழுக்க."

புஷ்பம் பள்ளிக்கூட டீச்சர். அவள் அழுது முடித்த கையோடு, மருந்தை எத்தனை கோடு வரை இழுக்க வேண்டும், எங்கே குத்த வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். காலையில் எழுந்ததும் சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, குழந்தையின் சிறுநீரைச் சில சொட்டு விட்டுச் சூடாக்குவாள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறி செங்கல் நிறம் வந்தால் நிறைய இருக்கிறது. தனசிங்கால் இதில் எதையும் பார்க்க முடியவில்லை. ஊசி போடும் நேரத்துக்குச் சரியாக வாசலுக்குப் போய் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பார். உள்ளிருந்து "மம்மி, வேணாம் மம்மி" என்று குரல் வரும். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைப்பார்.

அவர் மருந்துக் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி. பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள டாக்டர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கழுத்தில் டை, கையில் கனமான பை, நோயாளிகளோடு நோயாளியாகக் காத்திருந்து, இரண்டு நிமிடத்தில் பேச வேண்டியதைப் பேசிவிட்டு சாம்பிள் கொடுத்துவிட்டு வருவார். ஒரு டாக்டர் இந்த மருந்து வேண்டாம் என்று சொன்னால் அடுத்த மாதம் போய் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். அதுதான் அவருக்குப் பழக்கம். 'ஆயுசு முழுக்க' என்ற பேச்சையும் அவர் மனம் அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

ஜூன் மாதம் கம்பெனி ஒரு புதுச் சரக்கை இறக்கியது. வைட்டமின் டி பொடி. சின்னப் பாக்கெட், பாலில் கலந்து குடிக்க வேண்டும், வாரம் ஒன்று போதும். இதற்காக நுங்கம்பாக்கத்து ஓட்டல் ஒன்றில் பிரதிநிதிகளைக் கூட்டி, பம்பாயிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்துப் பேச வைத்தார்கள். இது எலும்புக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், உடம்பின் எதிர்ப்புப் படைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்றார் அவர். தன் உடம்பையே தாக்குகிற படையை இது அடக்கி வைக்கலாம். சர்க்கரை வரக்கூடிய ஓர் எலி இனத்துக்கு இந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், நிறைய எலிகளுக்கு நோய் வரவில்லை. திரையில் எலிகளின் படம் வந்து போனது. பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பாட்டு நேரத்தை எதிர்பார்த்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனசிங் மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

சாப்பாட்டு வரிசையில் பேராசிரியரைப் பிடித்து, தன் மகளைப் பற்றிச் சொன்னார். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகவே கேட்டார். நோய் வருவதற்கு முன்னால் எலிக்குக் கொடுத்தது அது, மனிதர்களுக்கு இன்னும் யாரும் பார்க்கவில்லை, வந்த நோயை இது போக்கும் என்று நினைக்க வேண்டாம் என்றார். தாம்பரம் திரும்பும் ரயிலில் தனசிங்கின் காதில் மிச்சமிருந்தது எலிகள் பிழைத்த கதை மட்டும்தான்.

ராஜகோபாலும் அதையேதான் சொன்னார். "கால் வலிக்குதுன்னு சொல்றா, வெளியில விளையாடவும் போறதில்ல. அதுக்காக வேணும்னா வாரம் ஒரு பாக்கெட், எட்டு வாரம் குடுங்க. அதுக்கு மேல வேண்டாம் தனசிங். இது தண்ணி மாதிரி வெளியில போயிடற வைட்டமின் இல்ல. உடம்புல சேர்ந்துகிட்டே போகும்."

"தெரியும் டாக்டர், நானே எல்லார்கிட்டயும் அதைத்தானே சொல்றேன்" என்று சிரித்தார் தனசிங்.

ஜூலையில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணமாகிப்போனது. ஹெப்சிபாவின் சர்க்கரை தானாக இறங்க ஆரம்பித்தது. போடுகிற ஊசியே அதிகமாகி, பள்ளிக்கூடத்தில் கை நடுங்கி வியர்த்துப்போய் உட்கார்ந்தாள். டாக்டர் மருந்தைப் பாதியாகக் குறைத்தார், பிறகு அதிலும் பாதி. ஆகஸ்டில் சாயங்கால ஊசியை நிறுத்தியே விட்டார். "இது கொஞ்ச நாளைக்குத்தான்" என்று அவர் எச்சரித்தார். "ஊசி ஆரம்பிச்ச புதுசுல, மிச்சம் இருக்கிற செல்லு கொஞ்சம் தெம்பாகி வேலை செய்யும். ஹனிமூன் பீரியட்னு பேரு. நிறைய குழந்தைங்களுக்கு இப்படி வரும், வந்துட்டுப் போயிடும். அதை நம்பி எதையும் மாத்திடாதீங்க."

தனசிங் தலையாட்டினார். ஆனால் பொடி கொடுக்க ஆரம்பித்ததும் ஊசி குறைந்ததை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். இனி யார் சொல்லி என்ன? வாரம் ஒன்றுக்கே இவ்வளவு என்றால், தினம் ஒன்று கொடுத்தால் அந்தப் படை முழுவதும் அடங்கிப்போகாதா? பாக்கெட்டுக்குப் பஞ்சமும் இல்லை. பை நிறைய சாம்பிள் இருந்தது.

புஷ்பம் காலையில் சீக்கிரமே பஸ் பிடித்துப் போய்விடுவாள். குழந்தைக்குப் பால் கொடுத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவது தனசிங்கின் வேலை. அந்தப் பாலில் பொடி கலந்தது.

"தெனமும் குடிக்கணுமா டாடி? டாக்டர் அங்கிள் வாரத்துக்கு ஒண்ணுன்னுதானே சொன்னாரு?"

"அது கால் வலிக்கு. இது உன் ஊசியை நிறுத்துறதுக்கு."

ஹெப்சிபா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாவா?"

"கிறிஸ்துமஸுக்குள்ள நின்னுடும் பாரு. ஆனா மம்மிகிட்ட சொல்லாத, டாக்டர்கிட்டயும் சொல்லாத. நின்னப்புறம் ரெண்டு பேருக்கும் சர்ப்ரைஸா சொல்லலாம். நமக்குள்ள இருக்கட்டும்."

அவளுக்கு அந்த ரகசியம் பிடித்திருந்தது. நோய் வந்த பிறகு அவளுக்கென்று கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான். காலை ஊசிக்கு அழுவதை நிறுத்திவிட்டாள். புஷ்பம் குத்தும்போது வாசல் பக்கம் பார்த்து அப்பாவிடம் கண் சிமிட்டுவாள். தனசிங்கும் இப்போது வாசலுக்கு ஓடுவதில்லை, கதவருகே நின்று பதிலுக்குச் சிமிட்டுவார். பின்னாளில் எதை நினைத்தாலும் தாங்கிக்கொள்ள முடிந்த அவரால் அந்தச் சிமிட்டலை மட்டும் நினைக்க முடிந்ததில்லை.

நவம்பர் மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அவள் மறுபடி தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தாள். பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டே இருந்தாள். புஷ்பம் குழாயில் ஊற்றிச் சூடாக்கினாள். நீலம். மறுபடி ஊற்றினாள். அதே நீலம்.

"என்னங்க இது? பழையபடி தாகம் எடுக்குதுங்கறா, சர்க்கரை ஒரு பொட்டு இல்லையே?"

"அதான் நீயே சொல்லிட்டியே, சர்க்கரை இல்லன்னு. அப்புறம் என்ன?" என்றார் தனசிங். அவர் முகம் பிரகாசமாக இருந்தது. இத்தனை தண்ணீருக்கும் நீலம் வருகிறதென்றால் நோய் விலகுகிறது என்றுதானே அர்த்தம்? அடுத்த நாள் பாலில் இரண்டு பாக்கெட் கலந்தார்.

பிறகு அவளுக்குச் சோறு பிடிக்கவில்லை. வயிறு கட்டிக்கொண்டது. எந்நேரமும் தூங்கினாள். ஒரு மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, பிள்ளை விடாமல் வாந்தி எடுக்கிறாள் என்று சொன்னதும் தனசிங் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். கொட்டுகிற மழையில் ஆட்டோ கிடைத்தது.

"இன்னா சார், கொயந்த தொவண்டுகினு கீது?" என்று ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துப் பதறினார். "கெட்டியா புட்ச்சிக்கோ சார், தண்ணி நிக்குது, குலுக்கும்."

மடியில் கிடந்த ஹெப்சிபா லேசாகக் கண்ணைத் திறந்தாள். "டாடி, சர்க்கரை வந்துடுச்சா?"

"இல்லடா. இல்ல."

குரோம்பேட்டையில் ராஜகோபால் வந்து பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சர்க்கரை அதிகமில்லை என்றதும் டாக்டருக்கே புரியவில்லை. ரத்தத்தை விதவிதமாகச் சோதிக்கச் சொன்னார். மறுநாள் காலையில் கையில் ஒரு தாளோடு வந்தார்.

"கால்சியம் தாறுமாறா ஏறியிருக்கு, அதான் இவ்வளவு தாகம், வாந்தி. இந்த வயசுல இப்படி இருந்தா யோசிக்க வேண்டியதா இருக்கு. அந்த வைட்டமின் பாக்கெட் எட்டு வாரத்தோட நிறுத்திட்டீங்கல்ல?"

"அது எப்பவோ முடிஞ்சுபோச்சே டாக்டர்" என்றாள் புஷ்பம்.

டாக்டர் கட்டிலருகே குனிந்தார். "ஹெப்சி, வேற ஏதாவது மருந்து, மாத்திரை, பொடி எதுனா சாப்பிட்டியாம்மா? பயப்படாம சொல்லு. யாரும் திட்ட மாட்டாங்க."

ஹெப்சிபா அப்பாவைப் பார்த்தாள். வெளிறிய முகத்தில் உதடுகள் வெடித்திருந்தன. தனசிங்குக்கு அவள் கண்ணிலிருந்த கேள்வி நன்றாகப் புரிந்தது. சொல்லட்டுமா? அவர் ஆமென்று தலையை அசைத்திருக்கலாம். அதுகூட வேண்டாம், ஒரு அடி முன்னால் வந்திருந்தாலே போதும். அவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

"இல்ல அங்கிள்" என்றாள் ஹெப்சிபா.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிற்பாடு தன்னைத்தானே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டார். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. பக்கத்தில் புஷ்பம் நின்றிருந்தாள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அடியில் கிடந்தது வேறு. சொல்லிவிட்டால் பொடியை நிறுத்திவிடுவார்கள், நிறுத்திவிட்டால் கிறிஸ்துமஸும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த நேரத்திலும் அவர் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

அன்று முழுவதும் டாக்டர்கள் வேறு காரணம் தேடினார்கள். கழுத்தில் ஏதாவது கட்டி இருக்குமோ என்று பார்த்தார்கள். ரத்தத்தில் புற்று இருந்தாலும் இப்படி வரும் என்று யாரோ சொன்னது புஷ்பத்தின் காதில் விழுந்து, அவள் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு ஜெபித்தாள். அதற்கு அடுத்த நாள் இடுப்பெலும்பில் பெரிய ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்துத்தான் செய்தார்கள். இருந்தும் மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து ஹெப்சிபாவின் குரல் வந்தது. மம்மி என்று கூப்பிடவில்லை. "டாடி! டாடி!" என்று கத்தினாள்.

கதவு திறந்து ராஜகோபால் வெளியே வந்ததும் தனசிங் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், நான்தான் குடுத்தேன். தெனமும். ஆகஸ்டுலேர்ந்து."

டாக்டருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "நேத்தே கேட்டேனே, தனசிங்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

புஷ்பம் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவளும் சத்தம் போடவில்லை. "குடுத்தது போகட்டும், நல்லதுன்னு நெனச்சுக் குடுத்தீங்க. புள்ளையப் பொய் சொல்ல வெச்சுட்டு நீங்க சும்மா நின்னீங்களே" என்றாள்.

உடம்பில் சேர்ந்த வைட்டமினை உடனே வெளியேற்ற வழியில்லை. பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றினார்கள். கால்சியத்தை இறக்க ஒரு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்து சர்க்கரையை ஏற்றிவிட்டது. நிற்கப்போகிறது என்று ஹெப்சிபா காத்திருந்த ஊசி ஒரு நாளைக்கு நான்காயிற்று. ஸ்டீராய்டை நிறுத்திய பிறகும் அது பழைய இரண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. டாக்டர் முன்பே சொன்ன அந்த நல்ல காலம் அதற்குள் முடிந்துபோயிருந்தது. அது எப்படியும் முடிந்திருக்கும்.

கிறிஸ்துமஸ் அன்று அவள் வீட்டில் இருந்தாள். பாலும் தயிரும் ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். கோயிலுக்குப் போக உடம்பில் தெம்பில்லை. ஊசி போடும்போது அழவில்லை. வாசல் பக்கம் பார்க்கவும் இல்லை. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. கொஞ்சம் சரியாகும், கொஞ்சம் அப்படியே தங்கிவிடும், வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் ராஜகோபால்.

தனசிங் ஜனவரியில் வேலையை விட்டார். துரைராஜ் காரணம் கேட்டபோது உடம்பு சரியில்லை என்றார். பம்மலில் மருந்து மொத்த வியாபாரி ஒருவரின் கோடவுனில் பெட்டிகளைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை கிடைத்தது. அங்கே யாரிடமும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஹெப்சிபா தன் ஊசியைத் தானே போடக் கற்றுக்கொண்டாள். டாக்டரிடம் அம்மாவோடுதான் போனாள். அப்பாவிடம் கோபமாக இருந்தாள் என்று சொல்ல முடியாது, சிரித்துப் பேசினாள், சைக்கிள் கேட்டு அடம்பிடித்தாள். நடந்ததைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறந்ததில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ள அவர் விரும்பினார்.

1999இல் அவளுக்குப் பதினைந்து வயது. அந்த வருடச் சிறுநீரகச் சோதனைக்குப் போக வேண்டிய நாளில் புஷ்பத்துக்குப் பரீட்சை மேற்பார்வை வந்துவிட்டதால் தனசிங் கூடப் போனார். குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம். ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ரோட்டில் பஸ் சத்தம் ஓயவில்லை. ஹெப்சிபா அங்கே கிடந்த ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தவள், மடித்து அவர் பக்கம் நீட்டினாள்.

"டாடி, இதப் படிங்க."

ஐரோப்பாவில் பல நாடுகளில் எடுத்த ஒரு கணக்கைப் பற்றிய சின்னச் செய்தி. பிறந்த முதல் வருடத்தில் வைட்டமின் டி கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு, அவளுக்கு வந்த இந்தச் சர்க்கரை நோய் குறைவாக வருகிறதாம். அது நோய் எதிர்ப்புச் சக்தியை ஒழுங்குபடுத்துவதாக இருக்கலாம், இன்னும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று போட்டிருந்தது. தனசிங் இரண்டு தரம் படித்தார். எழுத்துகள் நீரில் மிதப்பதுபோல் ஆடின.

"நீங்க ஒண்ணும் முழுசா தப்பா நெனச்சுடல, பாத்தீங்களா?" என்றாள் அவள்.

"இது கைக்குழந்தைங்களுக்கும்மா. நோய் வர்றதுக்கு முன்னாடி. அதுவும் சொட்டுக் கணக்குல. நான் செஞ்சது இது இல்ல."

"தெரியும். சும்மா காட்டணும்னு தோணுச்சு." பத்திரிகையை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு டாக்டர் அங்கிள் கேட்டப்ப நான் உண்மையைச் சொல்லியிருக்கணும் டாடி. சொல்லியிருந்தா கிட்னி இப்படி ஆகியிருக்காது" என்றாள்.

இத்தனை வருடமாகவா இவள் இதைச் சுமந்துகொண்டிருக்கிறாள்?

"நீயா? ஹெப்சி, இங்க பாரு. ஒரு நாள்ல கிட்னிக்கு ஒண்ணும் ஆகல. மாசக்கணக்கா நான் ஊத்திக் குடுத்ததுதான். உனக்குப் பத்து வயசு. நான் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன். சொல்ல வேண்டியவன் நான்."

"நீங்க என்னைப் பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க. சொல்லாதன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"ஆமா. அதனாலதான் சொல்றேன், அது என் பொய்."

"எனக்கும் சொல்ல இஷ்டமில்ல" என்றாள் அவள். "சொன்னா பொடியை நிறுத்திடுவாங்க, அப்புறம் ஊசி நிக்கவே நிக்காதுன்னு பயந்தேன். அதனால நானும்தான்."

தன் மனதின் அடியில் கிடந்ததை அவள் வாயால் கேட்டார். அவர் கொடுத்த நம்பிக்கைதான் அவளுக்குள்ளும் இருந்து அவள் வாயை மூடியிருக்கிறது. அவள் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார். "அந்த ஆசையை உனக்குள்ள போட்டது நான்டா. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. ஒரு துளி இல்ல. என்னை மன்னிச்சுடும்மா. அன்னைக்கே கேட்டிருக்கணும்."

பக்கத்தில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

"சரி டாடி" என்றாள் ஹெப்சிபா. அவர் கையைப் பிடித்து லேசாக அழுத்தினாள். "அழாதீங்க. சரி, என் தப்பு இல்ல."

அழுகிற குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற குரல் அது. அவருக்காகச் சொல்கிறாள், நம்பிச் சொல்லவில்லை என்று தனசிங்குக்குத் தெரிந்தது.

கவுண்டரில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். அவள் போய் ரிப்போர்ட்டை வாங்கி, நின்ற இடத்திலேயே படித்தாள். "கிட்னி அளவு போன வருஷத்தை விட பாயிண்ட் ஒண்ணுதான் ஏறியிருக்கு, பரவாயில்ல" என்று தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதைக் காட்டு என்று அவர் கேட்கவில்லை. இருவரும் வெளியே வந்து, தாம்பரம் போகிற பஸ்ஸுக்காக வெயிலில் நின்றார்கள்.